கோல்ஃப் புல்வெளிக்குப் போவோம்!

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு மரநிழலில் உட்கார இடமெங்கே? பூந்தமல்லிப் பக்கம் நாற்று நட்ட விவசாயத் தொழிலாளியின் கண்ணெதிரே வயலெல்லாம் மனைக்கட்டாகிவிட்டது. ஆனால் சென்னை நகருக்குள்ளேயே, கிண்டியில், ஒரு நாட்டுப்புறம் பச்சைப் பசேலென்று காப்பாற்றப்பட்டு வந்தது. யாருக்காக?

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே சீமான்கள் கோல்ஃப் ஆடினார்கள். சிறு பந்தைக் கம்பால் அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. பதினெட்டுக் குழி ஆட்டத்துக்குச் சுமார் நூறு ஏக்கர் புல்தரை வேண்டும். புல்லுக்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும்.

இந்த மைதானம் சர்க்கார் நிலம். 160.86 ஏக்கரை 1945 முதல் 99 ஆண்டுகளுக்குப் பந்தய கிளப்புக்குக் குத்தகை விட்டார்கள். வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. ஒரு போகம் பாக்கி வைத்த குத்தகை விவசாயியை நிலத்தைவிட்டு விரட்டிய நாடு இது. ஆனால் கிளப் கட்ட வேண்டிய பாக்கி 730.86 கோடி ரூபாய் என்று ஏறிய பிறகுதான், அதைக் கட்டும்படி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ்ட் பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பின் 69 ஆண்டுகள் சென்றன. புல் வெட்டவும் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கவும் போனவனைத் தவிர, வேறு உழைப்பாளிக்கு அந்தக் கோல்ஃப் புல்வெளியில் இடமில்லை.

2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. 118 ஏக்கரில் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. மழைவெள்ளத்தைத் தேக்கக் குளங்களும் வெட்டப்பட்டன. கிளப்புகள் கோர்ட்டுக்கு ஓடின. நிலத்தை எடுத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் கதவு யாருக்குத் திறக்கும் என்பதே கேள்வி.

கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து மீட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் பூங்கா திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ளே போனாலே 300 ரூபாய். பஸ், ரயில் செலவு தனி. சீமானின் வேலியைப் பிடுங்கிவிட்டு, அங்கே டிக்கெட் வேலி போட்டால் ஏழைக்கு என்ன லாபம்?

எனவே வற்புறுத்துகிறோம்:

கிண்டிப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கூடாது.

ஒரு சென்ட் நிலமும் ஓட்டலுக்கோ, கம்பெனிக்கோ, வேறொரு கிளப்புக்கோ போகக் கூடாது.

பை சுமந்தவர், புல் வெட்டியவர், குதிரை பராமரித்தவர் ஆகியோருக்குப் பூங்காவிலேயே வேலை தர வேண்டும். முதலாளியின் பாக்கிக்குத் தொழிலாளியின் வயிறு ஜாமீன் அல்ல.

தோழர்களே! ஆலைவாசலிலும் சேரியிலும் இதைப் பேசுங்கள். கிண்டிக்குக் குடும்பம் குடும்பமாகப் போக இப்போதே திட்டமிடுங்கள். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்தால் கிண்டி. கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். யாசகம் கேட்க அல்ல, நமது நிலத்தில் உட்காரப் போகிறோம்!