இடிச்சுடலாம் தம்பி!

மக்களே, ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வரமுடியல. இன்னிக்கு வந்ததே ஒருத்தரைத் திட்டத்தான் :-)

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். காண்ட்ராக்டர் ஒருத்தர் எங்க வாசல் படியைப் பாத்துட்டு, "பழைய சிமெண்டு படி தம்பி, இடிச்சுத் தள்ளிட்டு கிரானைட்ல சாய்தளம் போட்டுருவோம். அப்பத்தாவும் வாக்கர் வச்சு நடக்கலாம், பைக்கையும் ஏத்திக்கலாம்" அப்படின்னாரு. அப்பாவும் தலையாட்டிட்டாரு.

தாத்தா 1983-ல கட்டினப்போ அஞ்சு படி. இப்ப வெளிய தெரியுறது மூணு. பழைய தாரைச் சுரண்டாம மேல மேல ரோடு போட்டாங்க, மழைத்தண்ணி உள்ள வருதுன்னு நாங்களும் முற்றத்துல மண்ணடிச்சோம். ரெண்டு படி பூமிக்குள்ள போயிருச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். மூணு படி, படிக்கு 6 அங்குலம், ஆக 18 அங்குல உயரம். சக்கர நாற்காலியோ வாக்கரோ போற சாய்தளத்துக்கு 1-க்கு 12 சரிவுங்கறதுதான் வழக்கமான அளவு. அதாவது 18 அடி நீளம் வேணும். வாசல்லேர்ந்து கேட் வரைக்கும் எங்களுக்கு இருக்குறதே 8 அடி. அவரு 6 அடியில முடிக்கிறேங்கறாரு. 1-க்கு 4! அதுவும் பளபள கிரானைட்டு, மழை பெஞ்சா சறுக்குமரம். 82 வயசு கிழவியை இதுல வாக்கரோட இறக்கிவிடணுமாம். உண்மையில அது பைக்குக்குப் போடுற சாய்தளம், பேரு மட்டும் அப்பத்தாவுக்கு.

அடுத்தது இடிபாடு. 5 அடி அகலம், அடிக்கு ஒரு படி, மொத்தம் 15 கன அடி. கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 2400 கிலோ. போட்டுப் பாருங்க, ஏறக்குறைய ஒரு டன் வரும். புதைஞ்ச ரெண்டு படி இதுல சேரல. "எங்க கொட்டுவீங்க?"ன்னு கேட்டேன். "கம்மாப் பக்கம் போட்டுக்கலாம் தம்பி." இடிபாட்டை எப்படி அப்புறப்படுத்தணும்னு 2016-லயே மத்திய அரசு தனியா விதி போட்டிருக்கு. யாரு மதிக்கிறா? அப்புறம் அதே கம்மா நிறைஞ்சு தெருவுக்குள்ள தண்ணி வந்தா, ரோட்டை இன்னும் ஒரு அடி உசத்துவோம். நல்ல லூப்பு.

நான் சொன்னது இதுதான். படியை இடிக்க வேணாம், அதையே உள்ள வச்சு 5-க்கு 5 அடியில ஒரு மேடை கட்டுங்க. மேடைக்கு வேண்டியது 37.5 கன அடி, அதுல 15 ஏற்கனவே அங்க நிக்குது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் ஊத்தி அது மேல புதுசைப் போட்டா நல்லாப் பிடிச்சுக்கும். வலது பக்கம் சுவரோரமா 20 அடி சும்மா கிடக்கு (சும்மா இல்ல, உடைஞ்ச வாஷிங் மிஷின் இருக்கு). அங்க 18 அடி சாய்தளம், சொரசொரப்பாத் தேச்சு விட்டு, ஜி.ஐ. பைப்புல கைப்பிடி. இடது பக்கம் மத்தவங்களுக்கு மூணு படி. மேடையில நாற்காலி போட்டா அப்பத்தா சாயங்காலம் உக்காந்து தெருவைப் பாக்கலாம். இப்பவும் படியிலதான் உக்காந்து கீரைக்காரம்மாகிட்ட வம்பளக்குது, எந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்.

இடிக்கவே கூடாதுன்னு சொல்லல. சுத்தியால தட்டினா உள்ள பொள்ளல் சத்தம் வருதா, கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டைப் பிளக்குதா, படி சாஞ்சு தண்ணி வீட்டுச் சுவருக்கே ஓடுதா, தாராளமா இடிங்க. எங்க படியைத் தட்டிப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு. சுவரும் படியும் சேருற இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு விரிசல். அதை அடைக்காம விட்டா தண்ணியும் கறையானும் உள்ள போகும், அதை அடைச்சா முடிஞ்சது. இதைப் பாக்க அவருக்கு நேரமில்ல, தட்டிக்கூடப் பாக்கல. எங்க ஆபீஸ்லயும் புதுசா வர்றவன் பழைய கோடைப் படிக்காமயே "முழுசா திரும்ப எழுதிருவோம்"பான். அதே வியாதி.

அப்பா இன்னும் முழுசா சம்மதிக்கல. "பைக்கு எங்க ஏத்துறது?"ன்னு கேக்குறாரு. அது வெளியவே நிக்கட்டும்ப்பான்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

டிஸ்கி: நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ். சிவில் படிச்ச பதிவர்கள் கணக்குல தப்பிருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. ஞாயித்துக்கிழமை வேலை ஆரம்பிக்குது, அதுக்குள்ள.