படிக்கப் போனவன் ஊர் சுற்றினால் என்ன?

“படிக்கன்னு ஜெர்மனிக்கு அனுப்பினா, அங்க ஊரு சுத்திக்கிட்டு அலையுதான்.” திருநெல்வேலி ஜங்ஷனில் தொடங்கி கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர் பெரும்பாலும் துட்டு கட்டிய தகப்பனார் இல்லை. பெரியப்பா சொல்வார், மாமா சொல்வார், கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கொஞ்சம் கூடுதல் உரிமையோடு சொல்வார். பையன் செய்த குற்றம், பிராக் நகரத்துப் பாலத்தில் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது. பிள்ளைகளும் இப்போது உஷார். சொந்தக்காரர் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி மறைத்த பிறகே வாட்ஸ்அப்பில் படம் ஏற்றுகிறார்கள். அரியர் விழுந்ததை மறைத்த காலம் போய், ஆற்றுப் பாலத்தில் நின்றதை மறைக்கிற காலம் வந்திருக்கிறது.

அயல்நாட்டில் படிக்கிற பிள்ளை அறை, கல்லூரி, பகுதிநேர வேலை என்று மூன்று இடத்துக்குள் கிடந்தால்தான் படிப்பு ஏறும், பயணம் என்பது பெற்றவர் காசைக் கரைக்கிற வேலை என்பது இங்கே வேரோடிப்போன நம்பிக்கை. அது அடியோடு தவறு. எதைக் காப்பாற்ற நினைக்கிறதோ அதையே கெடுக்கிறது.

அது வந்த வழியைப் பார்த்தால் முழுதாகக் கோபப்படவும் முடியாது. இந்தப் பக்கத்து ஆட்கள் கடல் தாண்டியது பிழைக்கத்தான். தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் சிங்கப்பூர் போனார்கள். பிறகு வளைகுடா வந்தது. இருபது வருஷம் துபாயில் இருந்து திரும்பிய மேலப்பாளையத்துப் பெரியவரிடம் துபாய் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கேம்ப், கம்பெனி பஸ், சைட், லீவு நாளில் துணி துவைப்பு, சம்பளம் வந்ததும் பணம் அனுப்ப வரிசை, இதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஓர் ஊரில் இருபது வருஷம் இருந்தும் அதைப் பார்க்காமலே வந்தார் என்பது அவர் குடும்பத்துக்காகத் தின்ற நஷ்டம். அந்த நஷ்டத்தையே மகனுக்குப் பாடத்திட்டமாக எழுதிவைப்பது என்ன நியாயம்?

சரி, துட்டுக் கணக்கே பார்ப்போம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் சுமார் 12 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ கைக்கு வரும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு தொகை மட்டும் கட்டுகிறார்கள். பல இடங்களில் அந்தத் தொகைக்குள்ளேயே நாடு முழுக்கச் சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் போவதற்கான சீட்டு அடங்கியிருக்கிறது. அதாவது காசு ஏற்கெனவே கட்டியாயிற்று. போகாமல் அறையில் கிடப்பவனுக்குத்தான் அது வீண். ஜெர்மன் குடியிருப்பு அனுமதி கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசாவும் வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். டிரெஸ்டனிலிருந்து பிராக், திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான். மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டு வந்தவனை ஊர் சுற்றி என்று யாராவது சொல்வோமா?

படிப்பு கெடாதா என்று கேட்பார்கள். கெடுகிறது, ஆனால் வேறு காரணத்தால். ஒரு பாடத்தில் மூன்றாம் முறையும் தோற்றால் வெளியே அனுப்பிவிடுகிற விதி ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த நிலைக்கு வருகிற பிள்ளைகளை விசாரித்தால், சனி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கியிருப்பார்கள், இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கியிருப்பார்கள். மாணவர் வருஷத்துக்கு 140 முழு நாள் வரை வேலை பார்க்க அங்கே சட்டம் இடம் தருகிறது. அதை முழுக்கக் கறந்துவிடும் பையனை வீட்டில் சமர்த்து என்கிறோம். அதே ஞாயிற்றுக்கிழமையில் ரயிலேறி வேறோர் ஊரைப் பார்த்து வந்தவனை ஊதாரி என்கிறோம். இரண்டு பேரும் செலவழித்தது ஒரே ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

இன்னொன்று, அந்த அறை. நாலு பேர் நம்மூர்ப் பிள்ளைகள், ஒரு குக்கர், முறை வைத்துச் சமையல், ராத்திரி தமிழ்ப் படம். ஒரு குறையும் இல்லை, ஜெர்மன் மட்டும் வராது. வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் பட்டம் கிடைத்துவிடும். வேலைக்கு மனுப் போடும்போதுதான் மொழி வந்து கழுத்தைப் பிடிக்கும். ஊர் பேர் தெரியாத ஸ்டேஷனில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று ஒரு கிழவியிடம் திக்கித் திக்கிக் கேட்டவனுக்கு அந்த மொழி ஒட்டிக்கொள்கிறது. தப்பான சீட்டோடு ஏறிப் பரிசோதகரிடம் 60 யூரோ அபராதம் கட்டியவன் அந்த வாக்கியங்களை ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

அந்த நாட்டுக்காரர்களே பயணத்தைப் படிப்பில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தச்சு, கொத்து முதலிய தொழில்களைக் கற்று முடித்தவர், மூன்று வருஷமும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் வராமல் ஊர் ஊராகப் போய் வேலை பழகும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. கறுப்புச் சட்டையும் தொப்பியுமாக அவர்களைச் சாலையில் பார்க்கலாம். நம் பக்கத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான். 1841-இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் நடந்தே வந்தார். வழியில் கேட்ட பேச்சுக்கும் 1856-இல் அவர் எழுதிய ஒப்பிலக்கணத்துக்கும் தொடர்பில்லை என்று யார் சொல்வது? பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876-இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, பானையும் இரும்பும் எலும்பும் எடுத்துக்கொண்டு போனார். நம் பறம்பில் வந்து சுற்றியவர் ஆராய்ச்சியாளர். அவருடைய பெர்லினுக்கு ஒருநாள் போய் வருகிற ஆதிச்சநல்லூர்ப் பிள்ளை ஊர் சுற்றி.

வ.வே.சு. ஐயரை இந்தப் பந்திக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பாரிஸ்டர் படிக்க 1907-இல் லண்டன் போனார். பட்டத்தோடு திரும்பவில்லை. இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்தார், 1910-இல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பாரிஸ் போனார், அங்கிருந்து மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கடன் கொடுத்தவர் பார்வையில் சுத்த நஷ்டம். ஆனால் அந்த அலைச்சலில் சேர்த்த மொழிகளும் நூல்களும் இல்லையென்றால், கம்பனை ஹோமரோடும் வர்ஜிலோடும் மில்டனோடும் நிறுத்தி எடைபோட அவரால் முடிந்திருக்காது. 1922-இல் இதே தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கினார். 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார்.

பயணம் எல்லாவற்றையும் தெளியவைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவைப் பார்த்து வந்த அதே ஐயரின் குருகுலத்தில்தான் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சோறு போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டைக்கு வந்தது சரிதான். அறையிலேயே கிடந்தவன் அதைவிடத் தெளிவாக வருவான் என்பதற்கு மட்டும் எந்தச் சாட்சியும் இல்லை.

ரஷ்யா போர் தொடுத்த 2022 பிப்ரவரி 24 நினைவிருக்கும். உக்ரைனில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் பதுங்கறைகளில் இருந்தார்கள். மார்ச் 2-இல் இந்தியத் தூதரகம், உடனே ஹார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்றது. மேற்கு எல்லை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். எந்த ரயில் எங்கே போகும், எந்த எல்லையில் கூட்டம் குறைவு என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஹாஸ்டலையும் கல்லூரியையும் தவிர ஒன்றும் பார்க்காதே என்று வளர்த்த பிள்ளையிடம் அன்றைக்குப் போனில் என்ன சொல்வது?

பெண் பிள்ளை என்றால் பேச்சு இன்னும் கூராகும். பையன் சுற்றினால் துட்டுதான் போயிற்று, பெண் சுற்றினால் குடும்ப மானமும் சேர்ந்து போகுமாம். கடல் கடந்து வந்த வெள்ளைக்கார ஆசிரியைகள் பாளையங்கோட்டையில் நடத்திய பள்ளியில் எங்கள் பாட்டி படித்தாள் என்று பெருமை பேசுகிற வீட்டிலேயே, பேத்தி வியன்னாவுக்குத் தனியாக ரயிலேறினால் பஞ்சாயத்து கூடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அம்மா அழுகிறாள். கல்யாணம் முடிந்து அதே வியன்னாவுக்குப் புருஷனோடு போனால் அதற்கு ஹனிமூன் என்று பெயர். டவுன் ரதவீதி முழுக்கச் சொல்லித் தீர்ப்பார்கள், டிக்கெட் காசு எவ்வளவு என்று ஒரு மாமாவும் கேட்கமாட்டார்.