சோடா, ஐஸ், இதர: 42,000

பாசிக்குடா ட்ரிப் முடிஞ்சு மூன்றாம் நாள் எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில் கணக்கு வந்தது. ஒரு கொப்பித் தாளை போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆள் ஒன்றுக்கு 7,500 ரூபாய், 28 பேர், மொத்தம் 2,10,000. பஸ் 92,000. தங்கின வீடு 30,000. சாப்பாட்டுச் சாமான் 46,000. கடைசி வரியில் "சோடா, ஐஸ், இதர" என்று எழுதி 42,000.

உடனே கைதட்டுற இமோஜிகள் வரத் தொடங்கின. "சுப்பர் மச்சான், சதம் பிசகாத கணக்கு" என்று ஒருவர் போட்டார். உண்மைதான், கூட்டல் சரி. பிழை இருந்தது அந்த "இதர" என்ற சொல்லில்.

இரண்டு இரவுக்கு 28 பேர் 42,000 ரூபாய்க்கு சோடாவும் ஐஸும் குடிக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அது எட்டுப் போத்தல் சாராயமும் மிச்சக் காசுக்கு பியரும். அதை எழுதின கைக்கும் தெரியும், கைதட்டினவைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் அப்படி எழுதினோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலே சொல்லிவிடுகிறோம், இது மதுவிலக்குப் பிரசங்கம் இல்லை. இதை எழுதுகிற நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் அந்த எட்டுப் போத்தலில் பங்கு எடுத்தவர்கள். எங்கட பட்ச்சில் எல்லாருக்கும் 21 தாண்டிவிட்டது. யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்பது அவரவர் விஷயம். எங்கட கேள்வி ஒன்றுதான்: யாருடைய காசில்?

கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். 28 பேரில் குடித்தவர்கள் 12 பேர். பத்துப் பெடியள், இரண்டு பெட்டையள். குடிக்காதவர்கள் 16 பேர். 42,000-ஐ 28 ஆல் பிரித்தால் தலைக்கு 1,500. அப்படியென்றால் குடிக்காத 16 பேரும் சேர்ந்து 24,000 ரூபாய் குடித்தவர்களுக்குக் குடுத்திருக்கிறோம். 3,500 குடுக்க வேண்டியவர் 1,500 குடுத்து முடித்திருக்கிறார். இதற்கு எங்கட பட்ச்சில் இருக்கிற பெயர் "ஒற்றுமை".

7,500 என்ற எண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்து 2025 இல்தான் 7,500 ஆனது. ட்ரிப் கொமிட்டி ஆள் ஒன்றுக்கு 7,500 என்று முடிவெடுத்தபோது, "மகாபொல ஒரு மாசம், அவ்வளவுதானே" என்று ஒருவர் பகிடியாகச் சொன்னார். நாங்களும் சிரித்தோம். மகாபொல வந்த அன்றே பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் எங்கட வகுப்பில் இருக்கிறார்கள். மற்றப் பாதியில் அறை வாடகை, பின்னேரப் பாண், போட்டோக் கொப்பி. அவர்களுக்கு 7,500 என்பது "அவ்வளவுதானே" இல்லை.

முதலில் பெயர் குடுத்தவர்கள் 32 பேர். காசு கட்டுற கிழமை நாலு பேர் பெயரை வெட்டினார்கள். ஒருவருக்கு வீட்டில் விசேஷமாம், ஒருவருக்குக் காய்ச்சலாம், மற்ற இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், சாராயத்தை வெளியே எடுத்து, அந்த நாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, அவர்களுக்கும் சேர்த்துச் சாமான் வாங்கியிருந்தால் ஆளுக்கு 5,500 ரூபாய்க்குள் ட்ரிப் முடிந்திருக்கும். பஸ்ஸில் நாலு சீட் வெறுமையாகத்தான் வந்தது. அதில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் இருந்தன.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஹோட்டலில் தங்கவில்லை. 2004 சுனாமியும் யுத்தமும் அழித்துப் போட்ட அந்தக் கரையில் 2009 க்குப் பிறகு எழும்பின பெரிய ஹோட்டல்களில் ஒரு இரவு தங்க எங்கட முழு பட்ஜெட்டும் காணாது. அங்கே வெளிச் சாப்பாடு கொண்டுபோகவும் விடமாட்டார்கள், வெளிப் போத்தல் திறந்தால் அதற்குத் தனிக் காசு. அதனால் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, குசினியோடு ஒரு வீடு எடுத்தோம். சாமான் நாங்களே கொண்டுபோய் நாங்களே சமைப்பது என்று திட்டம். நல்ல திட்டம்தான், மாணவர் காசுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக்காரம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, குடி வகை ஒன்றும் கொண்டுவரக் கூடாது. பக்கத்தில குடும்பங்கள் இருக்கு." கொமிட்டி "ஓம் அன்ரி, நாங்கள் கம்பஸ் பிள்ளையள்" என்றது. பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கின எட்டுப் போத்தலும் எங்கே போனது தெரியுமா? பெட்டையளின்ர பைக்குள். வழியில் பொலிஸ் மறித்தாலும் பெட்டையளின்ர பையைத் திறக்க மாட்டார்கள், வீட்டுக்காரம்மாவும் சந்தேகப்பட மாட்டார் என்பது கொமிட்டியின் கண்டுபிடிப்பு. "சும்மா ஒரு ஹெல்ப்தானே, உடுப்புக்குள்ள சுத்தி வையுங்கோ." வவுனியா, ஹபரணை, பொலன்னறுவை தாண்டி வாழைச்சேனை வரைக்கும் பைக்குள் போத்தல் முட்டுற சத்தத்தைக் கேட்டபடி, ஒவ்வொரு பொலிஸ் தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், அந்தப் போத்தலில் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள்.

இந்த நாட்டில் 1979 ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல் ஒன்று மதுபானசாலைக்குள் பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். அந்த வாரம் முழுக்க நாடே பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கதைத்தது. பெண் வாங்கினால் கலாசாரம் கெட்டுப்போகுமாம். ஆனால் பெண் சுமக்கலாம், பெண் காசு குடுக்கலாம், குடித்தவர் சத்தி எடுத்தால் பெண் கழுவலாம். இதில் எதுவும் கலாசாரத்தைத் தொடாது போலிருக்கு. எங்கட பஸ்ஸிலும் அதே சட்டம்தான் ஓடியது, வர்த்தமானி இல்லாமல்.

இரண்டு பெட்டையள் ஆளுக்கு ஒரு கிளாஸ் பியர் குடித்தார்கள். அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. அடுத்த நாள் காலையில் அது குறூப் முழுக்கத் தெரிந்திருந்தது. முற்றத்தில் பாயை விரித்து விடிய விடியக் குடித்த பத்துப் பேரைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அந்த இரண்டு பேரைப் பற்றி இன்னும் கன்ரீனில் கதை ஓடுது.

இனி சமையல். 46,000 ரூபாய்ச் சாமானில் முக்கால்வாசியை யாழ்ப்பாணத்திலேயே ஒரு சுப்பர்மாக்கெட்டில் வாங்கி ஏற்றினோம். அரிசி, பருப்பு, ரின்மீன், உருளைக்கிழங்கு, ஏன், தேங்காய்கூட. மட்டக்களப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தேங்காய் கொண்டுபோன முதல் பட்ச் நாங்களாகத்தான் இருக்கும். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கு, வாவி இருக்கு. பாலத்தைத் தாண்டினால் ஓட்டமாவடிக் கடைத்தெரு. மீன், இறால், கோழி, மரக்கறி எல்லாம் அங்கே கைக்கெட்டுற தூரத்தில். நாங்கள் ரின்மீன் திறந்து கறி வைத்தோம். இரண்டாம் நாள் வீட்டுக்காரம்மாவே பார்த்துப் பாவப்பட்டு, "சந்தையில மீன் இருக்கே பிள்ளையள்" என்றார். அன்றைக்கு வாங்கின மீன்தான் அந்த ட்ரிப்பில் சாப்பிட்ட ஒரே நல்ல சாப்பாடு. முதலே போய் வாங்கியிருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், அந்த ஊர் ஆட்களின் கையில் எங்கட காசு கொஞ்சம் போயும் இருக்கும். "சுற்றுலாவால் உள்ளூர் மக்களுக்கு என்ன லாபம்" என்று நாங்கள் எழுதின அசைன்மென்ட்டுக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

சமைத்தது யார்? கேட்கவே தேவையில்லை. முதல் நாள் பின்னேரம் எல்லாரும் கடலுக்கு இறங்கினபோது ஆறு பேர் குசினியில் வெங்காயம் வெட்டினார்கள். ஆறும் பெட்டையள். பாசிக்குடாக் கடல் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் என்று சொல்லித்தான் நீந்தத் தெரியாதவர்களைக்கூடக் கூட்டிக்கொண்டு போனது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் முழு ட்ரிப்பிலும் கடலில் நின்றது ஒரு மணித்தியாலம்கூட இல்லை. "அவையாத்தானே வந்து சமைச்சவை, நாங்கள் கேட்டமா?" என்கிறார்கள். கேட்கவில்லை, உண்மைதான். மற்றவர்கள் பசியோடு கடலிலிருந்து வருவார்கள் என்று தெரியும்போது யாரும் கேட்கத் தேவையில்லை.

எங்களோடு வாதாடினவர்கள் சொன்ன இன்னும் இரண்டு நியாயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது: "கோழிக் கறிக்கு சைவக்காரரும்தானே காசு குடுத்தவை. அதைக் கேட்டீங்களா?" நல்ல கேள்வி. எங்கட பட்ச்சில் மூன்று பேர் சைவம். அவர்கள் பருப்பும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டுக் கோழிக்கும் மீனுக்கும் பங்கு கட்டினார்கள். அதை நாங்கள் யோசிக்கவில்லை, அது எங்கட பிழை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. கணக்கில் கோழியைக் கோழி என்றுதான் எழுதியிருந்தது. அவர்கள் பார்த்துவிட்டு மறுத்திருக்கலாம். சாராயத்துக்கு அந்த வழியே வைக்கவில்லை. நியாயமான செலவென்றால் அதன் பெயரை எழுத ஏன் கை கூசினது?

இரண்டாவது: "சீனியர்மார் காலத்தில இருந்தே இப்பிடித்தான். ஒண்டாப் போற இடத்தில கணக்குப் பார்த்தா அது பட்ச்சா?" சீனியர்மார் காலத்தில் ஒரு போத்தல் சாராயத்தின் விலை வேறு. 2023, 2024, 2025 என்று மூன்று ஜனவரியும் மதுவரி ஏறினது. அப்போது "இதர" வுக்குள் ஒளிக்கக்கூடிய செலவு இப்போது பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பட்ச் என்பது கணக்குப் பார்க்காத இடம் என்றால், அந்தக் கணக்குப் பார்க்காமை எப்போதும் ஏன் ஒரே பக்கத்துக்கு லாபமாக முடியுது? பத்துப் பெடியளும் ஒரு முறையாவது, "பரவாயில்லை, உங்கட ட்ரிப் காசை நாங்கள் போடுறம்" என்று அந்த நாலு பேரிடம் சொல்லியிருந்தால் இந்த வாதத்தை நாங்களே ஏற்றிருப்போம்.

கல்குடாவில் மதுபானத் தொழிற்சாலை கட்டுவதற்கு எதிராக 2017 இல் அந்த ஊர்ச் சனம் எதிர்ப்புத் தெரிவித்தது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கம்பஸுக்கு வந்த பிறகு அதைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறோம், குடியால் கடன்பட்ட குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறோம். புருஷன் குடிக்க மனுசியின் காசு எப்படிப் போகுது என்று விளக்கப்படம்கூடக் கீறினோம். பிறகு அதே கல்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்து, அதே விளக்கப்படத்தை இரண்டு இரவு நடித்துக் காட்டிவிட்டு வந்தோம்.

பங்குனியில் நுவரெலியா என்று இப்போதே கதை தொடங்கிவிட்டது. நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. இரண்டு பை வையுங்கள். ஒன்றில் பஸ், வீடு, சாப்பாடு, அது எல்லாருக்கும். மற்றது குடிக்கிறவர்களுக்கு. அவர்களே சேர்த்து, அவர்களே வாங்கி, அவர்களின்ர பையிலேயே கொண்டுவரட்டும். தங்கிற இடத்தில் கூடாது என்று சொன்னால் கூடாது, "ஓம் அன்ரி" என்று பொய் சொல்லக் கூடாது. போயா நாளில் கடை பூட்டு என்றால் அன்றைக்குத் தேத்தண்ணி குடியுங்கள். குடித்தபிறகு யாரும் தண்ணியில் இறங்கக் கூடாது, அது கடலென்றாலும் குளமென்றாலும். சமையலுக்கு 28 பேரின் பெயரும் உள்ள முறை அட்டவணை பஸ் ஏற முதலே ஒட்டப்பட வேண்டும். வெங்காயம் வெட்டத் தெரியாதவர் தேங்காய் துருவட்டும், அதுவும் தெரியாதென்றால் சட்டி கழுவட்டும். மரக்கறியை நுவரெலியாவிலேயே வாங்குவோம், லீக்ஸ் அங்கே விளையுது.

காசு சேர்க்க முதல் ஒரு வேலை மிச்சம் இருக்கு. பாசிக்குடாவுக்கு வராமல் விட்ட அந்த நாலு பேரிடம் எவ்வளவு குடுக்க முடியும் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தத் தொகையில் இருந்துதான் பட்ஜெட் தொடங்க வேண்டும். குறூப்பில் கேட்கக் கூடாது. நேரில், தனியாக, வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து.

16 பேரின் 24,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஆறு பேரில் குடித்த இரண்டு பேரும் ஆளுக்கு 2,000 ரூபாயை பட்ச் கணக்கில் திரும்பப் போட்டுவிட்டார்கள். ரசீதைக் குறூப்பில் போட்டிருக்கிறோம். "சாராயம்" என்று எழுதித்தான் போட்டிருக்கிறோம். இன்னும் பத்துப் பேர் இருக்கிறீர்கள்.