ஒரு முறை கத்தி பட்டால் ஒவ்வொரு முறையும் கத்தியா?

“முதல் பிள்ளை ஆபரேஷனா? அப்படியானால் இதுவும் ஆபரேஷன்தான். பணத்தைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.”

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத உழைப்பாளி குடும்பம் அபூர்வம். பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி நிற்கும் பெண் கேட்கிறாள். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து முதுகு ஒடிந்த பெண்ணும் கேட்கிறாள். அவளுடைய பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லப்பட்டு விடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது!

இது வைத்திய விஞ்ஞானத்தின் தீர்ப்பா? இல்லை. பாதி, தனியார் ஆஸ்பத்திரி முதலாளியின் கல்லாப்பெட்டி எழுதிய தீர்ப்பு. மறுபாதி, பிரசவ வார்டுக்குப் போதிய ஆள் போடாத சர்க்கார் எழுதிய தீர்ப்பு. விஞ்ஞானம் சொல்வது வேறு. அது என்ன என்பதை உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவரை நம்மை யாரும் எப்படியும் மிரட்டலாம்.

வாக்கியம் பிறந்த கதை

“ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்” என்ற கருத்தை 1916-ல் எழுதியவர் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின். அவர் எதற்காக எழுதினார்? முதல் ஆபரேஷனையே அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், அது பின்னால் வரும் பிரசவங்களையும் பாதிக்கும் என்று சக டாக்டர்களை எச்சரிப்பதற்காக எழுதினார். இதற்கு விதிவிலக்கு உண்டு என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு சுகப்பிரசவமாகப் பெற்ற பெண் தம் நோயாளிகளிலேயே உண்டு என்றும் அதே கட்டுரையில் சொன்னார். கத்தியைத் தடுக்கச் சொன்ன வாக்கியம், இன்று கத்திக்கு வக்காலத்து வாங்குகிறது! விந்தைதான்!

அந்தக் காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாக, தடித்த தசைப் பகுதியில் வெட்டினார்கள். வலி வரும்போது சுருங்கி விரியும் பகுதி அதுதான். அங்கே உள்ள தழும்பு அடுத்த பிரசவத்தில் விட்டுப் போகும் அபாயம் மிக அதிகம். 1920-களில் கிளாஸ்கோ நகர டாக்டர் மன்றோ கெர் முதலியோர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார்கள். அந்தத் தழும்பு பலமாக ஆறும். இன்று நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குறுக்கு வெட்டுத்தான். வெட்டு மாறி நூறு வருஷமாகிறது. வாக்கியம் மட்டும் மாறவில்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஒரே ஒரு முறை குறுக்கு வெட்டு சிசேரியன் ஆகி, அடுத்த பிரசவத்தை இயற்கை வழியில் பெற முயலும் பெண்களில், ஏறத்தாழ 4 பேரில் 3 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பு ஒரு குழந்தையையாவது சுகப்பிரசவமாகப் பெற்றிருந்தால், 100-க்கு 85 முதல் 90 பேர் வரை வெற்றி பெறுகிறார்கள். பிரிட்டனில் டாக்டர்களின் வழிகாட்டுதலே இந்தக் கணக்கைச் சொல்லி, முடிவைத் தாயுடன் கலந்து எடுக்கச் சொல்கிறது.

அபாயம் இல்லையா? உண்டு. அதை மறைப்பது நமது வழக்கமல்ல. தானாக வலி வந்து முயலும்போது, ஏறத்தாழ 200 பெண்களில் ஒருவருக்குப் பழைய தழும்பு விட்டுப் போகிறது. அப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. நிமிஷக் கணக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆகவே இந்தப் பிரசவம் ஆபரேஷன் தியேட்டரும், ரத்தமும், மயக்க மருந்து டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் மறுபடியும் மறுபடியும் வெட்டுவது மட்டும் அபாயமற்றதா? அந்தக் கணக்கை ஏன் நம்மிடம் சொல்வதில்லை? நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறித்து நிற்கும் பெண்களில், அது கருப்பைத் தசைக்குள்ளேயே வேரோடிப் பிடித்துக்கொள்ளும் கொடுமை, முதல் சிசேரியனின்போது 100-க்கு 3 பேருக்கு. இரண்டாவதில் 11 பேருக்கு. மூன்றாவதில் 40 பேருக்கு! 2006-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியின் கணக்கு இது. அந்த நிலையில் ரத்தம் ஆறாகப் போகும். பல சமயம் கருப்பையையே எடுக்க வேண்டி வரும். இரண்டு பக்கமும் அபாயம் இருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குவது ஆலோசனை அல்ல, பூச்சாண்டி!

வயிறு ஒன்று, கணக்கு இரண்டு

தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். 2015-16-ல் இது 34 ஆக இருந்தது. நாடு முழுவதுக்குமான கணக்கு 21.5. தமிழ்நாட்டின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளிலோ 63.8!

சிக்கலான கேஸ்கள் எல்லாம் கடைசியில் எங்கே தள்ளப்படுகின்றன? ஜில்லா ஆஸ்பத்திரிக்குத்தான். கஷ்டமான பிரசவங்களைச் சுமக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 36, காசுள்ளவர்களையும் கடன் வாங்கியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் தனியாரில் 64. தமிழ்ப் பெண்ணின் இடுப்பெலும்பு தனியார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் குறுகி விடுகிறதா? இல்லை. குறுகுவது டாக்டரின் காத்திருக்கும் நேரம். பெருகுவது முதலாளியின் பில்.

சுகப்பிரசவம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்கும் வரும், தீபாவளி அன்றும் வரும். பன்னிரண்டு மணி நேரம் ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. ஆபரேஷனோ, ஒரு மணி நேரத்தில் முடிந்து விடும். கட்டணமும் அதிகம், அறை வாடகை நாட்களும் அதிகம். நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து வெட்டச் சொல்லும் ஜோசியக் கூத்தும் இந்த வியாபாரத்துக்குத் துணை.

100-க்கு 10 என்ற அளவைத் தாண்டியபின் சிசேரியன் பெருகுவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் அறிவித்தது. தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதையும் அதே அறிக்கை வற்புறுத்தியது. நமது நிலையும் அதுவே. சிசேரியன் லட்சக்கணக்கான உயிரைக் காத்த மகத்தான சாதனை. அதை நாம் எதிர்க்கவில்லை. அதைச் சரக்காக்கி விற்பதையே எதிர்க்கிறோம்.

அமெரிக்கா காட்டிய பாடம்

“தனியாரின் லாபமும் ஆஸ்பத்திரியின் சௌகரியமும் வைத்தியத்தை மாற்றிவிடுமா? மிகைப்படுத்துகிறீர்கள்” என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். அமெரிக்காவைப் பாருங்கள். 1996-ல் அங்கே முன்பு சிசேரியன் ஆன பெண்களில் 100-க்கு 28 பேர் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற்றார்கள். 1999-ல் அங்குள்ள மகப்பேறு டாக்டர்கள் சங்கம், இத்தகைய பிரசவத்தின்போது அறுவை செய்யும் டாக்டர் உடனடியாகக் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றது. நியாயமான யோசனைதான். ஆனால் பல ஆஸ்பத்திரிகள் என்ன செய்தன? டாக்டரை அமர்த்தவில்லை, கதவைச் சாத்தின! வழக்குக்கும் நஷ்ட ஈட்டுக்கும் பயந்தன. 2006-ல் அந்த எண்ணிக்கை 10-க்கும் கீழே விழுந்தது. பத்து வருஷத்தில் அமெரிக்கப் பெண்களின் உடல் மாறிவிட்டதா? கருப்பை மாறவில்லை. கணக்கப்பிள்ளையின் பேனாதான் மாறியது. 2010-ல் அந்நாட்டு நிபுணர் குழுவே கூடி, இந்தத் தடைகளை மறுபரிசீலனை செய்யச் சொல்ல நேர்ந்தது.

கூலிக்காரியின் கணக்கு

வயிற்றை வெட்டித் தைத்தால், குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்பார்கள். சரி, தூக்காமல் இருக்கட்டும். யார் சோறு போடுவது?

26 வாரச் சம்பளத்தோடு பிரசவ லீவு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. நாற்றங்காலில் நிற்கும் பெண்ணுக்கு எந்த மிராசுதார் 26 வாரம் கூலி கொடுத்தான்? பஞ்சாலையில் பதிலியாகவும் காண்டிராக்ட் கூலியாகவும் வைக்கப்பட்டு, பெயர் பதிவேட்டிலேயே ஏறாத பெண்ணுக்கு எந்த முதலாளி கொடுத்தான்? இடுப்பில் ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஆறாத தையலோடு அவள் குடம் தூக்குகிறாள், விறகு சுமக்கிறாள். மூன்றாம் மாதமே களைக்கொட்டைத் தூக்குகிறாள். பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது சிசேரியன் ஒரு ஓய்வு. நம் பெண்ணுக்கு அது ஒரு கடன் பத்திரம்; அதற்கு வட்டியை அவள் உடம்பே கட்டுகிறது.

வீட்டுப் பிரசவ வியாபாரிகள்

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. “ஆஸ்பத்திரியே வேண்டாம், எல்லாம் இயற்கை, நம் பாட்டிமார் வீட்டிலேயே பெற்றார்கள்” என்று உபதேசம் செய்கிறது. பாட்டிமார் பெற்றார்கள், எத்தனை பாட்டிமார் பிரசவத்திலேயே செத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை! 2018-ல் திருப்பூரில் யூட்யூப் படம் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தம் போய் மாண்டதை மறந்து விட்டோமா? கருப்பையில் தழும்புள்ள பெண் வீட்டில் பெறுவது தற்கொலைக்குச் சமம். லாப வேட்டைக்கு மாற்று மூடநம்பிக்கை அல்ல, மக்கள் ஆஸ்பத்திரிதான்.

சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலாவது, சிசேரியன் ஆகி வீடு திரும்பும்போது தரும் காகிதத்தை நிலப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்துங்கள். வெட்டு குறுக்கா நெடுக்கா, எதற்காக ஆபரேஷன் செய்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் உள்ள வெட்டைச் சொல்ல முடியாது.

இரண்டாவது, எல்லோராலும் முயல முடியாது. நெடுக்கு வெட்டு, முன்பு தழும்பு விட்டவர், நஞ்சுக்கொடி வாயை மறித்திருப்பவர் ஆகியோருக்கு ஆபரேஷனே பாதுகாப்பு. இரண்டு முறை வெட்டப்பட்டவர்கள் பெரிய டாக்டரின் யோசனையைக் கேட்க வேண்டும். பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இரண்டு வருஷமாவது இடைவெளி விடுவது தழும்புக்கு நல்லது.

மூன்றாவது, ஐந்தாறு மாதத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள். “எனக்கு முயற்சி செய்ய முடியுமா? முடியாது என்றால் காரணம் என் உடம்பா, உங்கள் ஆஸ்பத்திரியா?” என்று கேளுங்கள். இது கேட்க வேண்டிய கேள்வி. கேட்பது உங்கள் உரிமை.

நான்காவது, வலியை வரவழைக்கும் ஊசி மருந்து தழும்பு விடும் அபாயத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டும். பெரிய டாக்டரின் முடிவும் இடைவிடாத கண்காணிப்பும் இல்லாமல் அதை ஏற்றக்கூடாது. தழும்புள்ள கருப்பைக்கு நிறைமாதத்தில் மிசோபுரோஸ்டால் மாத்திரை கூடவே கூடாது.

ஐந்தாவது, வலி விட்டு விட்டு வராமல் தழும்பு இடத்தில் இடையறாது வலித்தால், ரத்தம் போனால், பிள்ளை துடிப்பு குறைந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நமது கோரிக்கைகள்

டாக்டர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. ஒரே டாக்டர் ஒரே இரவில் வார்டையும் தியேட்டரையும் பார்த்தால், “காலையிலேயே வெட்டி விடுவோம்” என்றுதான் தோன்றும். 2015 முதல் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட நர்சுகள் நிரந்தரம் கேட்டு எத்தனை முறை வீதிக்கு வந்தார்கள்! அவர்களின் போராட்டமும் பிரசவ வார்டில் கிடக்கும் நம் பெண்ணின் போராட்டமும் ஒன்றே.

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக அறுவை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் இருக்க வேண்டும். பிரசவ வார்டுக்குப் போதிய நர்சுகளை நிரந்தரமாக அமர்த்த வேண்டும்.

தனியாரும் சர்க்காரும், ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், நூற்றுக்கு எத்தனை சிசேரியன், அதன்பின் எத்தனை சுகப்பிரசவம் என்ற கணக்கை வாசலில் எழுதி வைக்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரன் விலைப்பட்டியல் வைக்கிறான்; வயிற்றை வெட்டுகிறவனுக்கு என்ன வெட்கம்?

வெட்டின் வகையைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

விவசாயக் கூலிப் பெண்ணுக்கும், காண்டிராக்ட் மில் பெண்ணுக்கும் 26 வாரக் கூலி கைக்கு வந்து சேர வேண்டும்.

தோழர்களே! எட்டு மணி நேர வேலையை எந்த முதலாளியும் தானாகத் தரவில்லை. சங்கம் கேட்டது, கிடைத்தது. பிரசவத்துக்கும் அதே விதிதான். இதைப் பெண்கள் விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில், அடுத்த கிராமக் கமிட்டியில் இந்தக் கோரிக்கைகளை முன்வையுங்கள். பெண்களை மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். தாலுகா ஆஸ்பத்திரி வாசலுக்கு மனுவோடு செல்லுங்கள்.

கத்தி தேவைப்படுகிறவளுக்கு உடனே கத்தி கிடைக்கட்டும். தேவைப்படாதவள் வயிற்றில் லாபத்தின் கத்தி படாதிருக்கட்டும்!