அம்மா போட்ட மாத்திரையும் அரசாங்கம் விட்டுவைத்த விஷமும்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் பையனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய ஃபைலைப் பிரித்துக் காட்டினார். கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாம் வரிசையாக. ஐந்தாம் மாதம் வந்த காய்ச்சலுக்கு டோலோ 650, மூன்று வேளை, மூன்று நாள். அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"தம்பி, நீ படிக்கிற பையன். மறைக்காம சொல்லு. இதுதானா?"

ஒன்பது மாத்திரை. ஆறு வருஷத்துக்கு முன்னால் விழுங்கியது. எங்கேயோ வாஷிங்டனில் ஒருத்தர் மைக்கைப் பிடித்ததற்கு இங்கே ஒரு பெண் தன்னைத் தானே கூண்டில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நடந்தது இதுதான். 2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், சுகாதாரத் துறைச் செயலாளர் ராபர்ட் கென்னடி ஜூனியரை பக்கத்தில் வைத்துக்கொண்டு, கர்ப்பிணிகள் டைலனால் எடுக்கக் கூடாது, வலியோ காய்ச்சலோ பொறுத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஆட்டிசம் வருகிறது என்கிற தோரணையில் பேசினார். டைலனால் என்றால் வேறொன்றும் இல்லை, நம்மூர் பாராசிட்டமால்தான். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் அவருடைய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், மாத்திரைதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. கடிதத்தை யார் படிக்கிறார்கள்? டிவிதான் எல்லோர் வீட்டுக்கும் வந்தது.

சரி, ஆதாரம் என்ன சொல்கிறது? ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த கிட்டத்தட்ட 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளின் பதிவுகளை அலசி 2024ல் ஒரு ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மாத்திரை எடுத்த அம்மாக்களின் குழந்தைகளில் ஆட்டிசம் ஒரு துளி அதிகம், 5 சதவீதம் போல. அடுத்து அவர்கள் செய்ததுதான் அருமையான வேலை. ஒரே அம்மா. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது மாத்திரை போட்டார், இளையவனுக்குப் போடவில்லை. இப்படிப்பட்ட உடன்பிறப்புகளை மட்டும் ஒப்பிட்டார்கள். அந்தத் துளி வித்தியாசமும் மாயமாகிவிட்டது. மாத்திரை காரணமாக இருந்தால் அண்ணன் தம்பிக்குள்ளும் அது தெரிந்திருக்க வேண்டுமே! அப்படியானால் மொத்தக் கணக்கில் தெரிந்தது மாத்திரையின் வேலை அல்ல. குடும்பத்துக்கே பொதுவான மரபணு, அடிக்கடி வரும் தலைவலி, இப்படி வேறு எதுவோ.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாக ஜல்லியடிக்கிறேன் என்பீர்கள். 2025 ஆகஸ்டில் 46 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. தொடர்பு இருப்பதாகத்தான் அது சொல்கிறது. அதை எழுதியவர்களே மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தேவைப்படும்போது, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, டாக்டரைக் கேட்டு எடுங்கள் என்றார்கள். அக்காவின் ஒன்பது மாத்திரை அதற்குள் அடங்கிவிடும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நார்வேயில் 95,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2018ல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்த அம்மாக்களின் குழந்தைகளுக்கே ஆட்டிசம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் அதிகம். காய்ச்சலைப் பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்பவர் இதைப் படித்திருப்பாரா?

அம்மாவைக் கைகாட்டுவது ஒன்றும் புது வழக்கம் இல்லை. நம்மூரில் குழந்தைக்கு உதடு பிளந்திருந்தால் "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா? கத்தியத் தொட்டியா?" என்று கேட்கிற கிழவிகள் இன்றைக்கும் உண்டு. மெத்தப் படித்த அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? பாசமில்லாத, ஃபிரிட்ஜ் மாதிரி சில்லென்று இருக்கிற அம்மாவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். ஆட்டிசக் குழந்தையின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1967ல், சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் அதே பழியைத் திரும்பவும் ஒரு புத்தகமாகப் போட்டு பேரும் புகழும் வாங்கினார். கிரகணம் போய் ஃபிரிட்ஜ் வந்தது, ஃபிரிட்ஜ் போய் டோலோ வந்திருக்கிறது. கேட்கிற கேள்வி மட்டும் மாறவே இல்லை: நீ என்னம்மா பண்ணின?

அப்படியென்றால் சுற்றுச்சூழலுக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படி நான் சொல்ல வரவில்லை. 5 நாடுகளில் 20 லட்சம் பேரை வைத்து 2019ல் வந்த கணக்குப்படி, ஆட்டிசம் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது. மிச்சம் இருக்கிறதே, அதைத் தேடத்தான் வேண்டும். தேடியதில் ஆதாரம் வலுவாகக் கிடைத்ததை என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வால்ப்ரோயேட் என்று ஒரு மருந்து. வலிப்புக்கும் பைபோலாருக்கும் கொடுப்பது. டென்மார்க்கில் 6,55,615 குழந்தைகளை வைத்து 2013ல் வந்த ஆய்வில், பொதுவாக 100க்கு ஒன்றரைப் பேருக்கு இருந்த ஆட்டிசம், இந்த மருந்தை எடுத்த அம்மாக்களின் குழந்தைகளில் 100க்கு 4.4. வலிப்பு உள்ள அம்மாக்களை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் குறைந்ததே தவிர, பாராசிட்டமால் மாதிரி கரைந்து போகவில்லை. பிரான்சில் இது 1967லிருந்து விற்பனையில் இருக்கிறது. பிறவிக் குறைகள் பற்றிய எச்சரிக்கை 1982லேயே லியோன் நகரிலிருந்து வந்தது. வளர்ச்சிக் கோளாறோடு வளர்ந்தவர்கள் 16,600 முதல் 30,400 பேர் வரை இருக்கலாம் என்று அந்த நாட்டு அரசு அமைப்புகள் கணக்குச் சொன்னது 2018ல்! பிரிட்டனில் இன்னும் அநியாயம். வலிப்பு மருந்துகளால் கருவுக்கு ஆபத்து வரலாம் என்பதை டாக்டர்களுக்கு மட்டும் சொன்னால் போதும், மருந்தோடு வரும் சீட்டில் போட்டால் நோயாளிகள் வீணாகப் பயப்படுவார்கள் என்று 1973ல் அரசின் மருந்துக் குழு முடிவு கட்டியது. பயப்படுவார்களாம்! (இந்த மருந்து எடுக்கும் யாராவது இதைப் படித்தால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் பேசுங்கள்.)

அடுத்தது குளோர்பைரிபாஸ். பூச்சிக்கொல்லி. நியூயார்க்கில் கரப்பானுக்கு அடித்த வீடுகளில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதை அளந்தார்கள். அதிகம் இருந்த குழந்தைகளுக்கு மூன்று வயதில் கவனக் குறைவும் ஆட்டிசம் வகைச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன என்று 2006ல் எழுதினார்கள். கலிபோர்னியாவில், இந்த ரக மருந்துகள் அடிக்கும் வயலிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் 60 சதவீதம் அதிகம் என்றது 2014 ஆய்வு. இதுவும் தொடர்புதான், முழு நிரூபணம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கதையைக் கேளுங்கள். வீட்டு உபயோகத்தை அமெரிக்கா 2000லேயே நிறுத்திவிட்டது, வயலில் மட்டும் விட்டுவைத்தது. சுற்றுச்சூழல் அமைப்பின் சொந்த விஞ்ஞானிகள் 2016ல் உணவில் இருக்கும் அளவே பாதுகாப்பானது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 2017 மார்ச்சில், டிரம்ப் நியமித்த தலைவர் ஸ்காட் புரூயிட், அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லி தடைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். ஆமாம், அதே டிரம்ப்! அந்த மருந்தைத் தயாரித்த டவ் கெமிக்கல் (போபால் புகழ் யூனியன் கார்பைடை வாங்கிய அதே கம்பெனி) அவருடைய பதவியேற்பு விழாவுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. முடிச்சை நான் போடவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2021ல் பைடன் அரசு உணவுப் பயிர்களுக்கு அதை நிறுத்தியது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

கம்பெனி விற்கிற விஷத்துக்கு "தெளிவாகட்டும், பொறுங்கள்". அம்மா போடுகிற மாத்திரைக்கு தெளிவே இல்லாமல் டிவியில் தீர்ப்பு. முதல் விஷயத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அரசாங்கம், அதனால் ஒருத்தருக்கு நஷ்டம் வரும். இரண்டாவதில் அழ வேண்டியது ஒரு பெண், அதற்குச் செலவே இல்லை.

நம்மூர் மட்டும் யோக்கியமா? 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்வதாக வரைவு போட்டபோது குளோர்பைரிபாஸ் அதில் இருந்தது. 2023ல் இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடைப் பட்டியலில் அதைக் காணோம். கறையானுக்கு அஸ்திவாரத்திலும் சுவரிலும் பல இடங்களில் இதைத்தான் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள்.

அக்காவிடம் ஸ்வீடன் கணக்கை நோட்டில் அண்ணன் தம்பி படம் போட்டு விளக்கினேன். புரிந்தது, முகம் கொஞ்சம் தெளிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இந்தப் பூச்சிமருந்துக் கதையையும் சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"நான் மாசமா இருந்தப்ப நிலைக்கதவுல கறையான்னு மருந்து அடிச்சாங்களே தம்பி?"

அடித்தது வீட்டு ஓனர் அனுப்பிய ஆள். என்ன மருந்து என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அந்த ஆளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.