“கூலர் வாங்கணும்கா!” - முதல் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு குளிர்ச்சி போதும்?

“அக்கா, ஒரு கூலர் வாங்கணும். வாட்டர் கூலர்!”

போன மே மாதம் மதுரையிலிருந்து சித்தி பையன் போன் செய்தான். பின்னாலிருந்து சித்தியின் குரல்: “ஹாலுக்குத்தானே? தண்ணி ஊத்துறது வேணாம்டா, வீடெல்லாம் கசகசன்னு ஆயிடும்.”

அவன் கேட்டது கம்ப்யூட்டருக்கு. இன்ஜினீயரிங் சேரப்போகிறவன். பார்ட்ஸ் வாங்கித் தானே அசெம்பிள் செய்ய ஆசை. தாத்தா கொடுத்தது, உண்டியல் சேமிப்பு எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய். அதில் 7,000 ரூபாயை, கலர் லைட் எரியும் லிக்விட் கூலருக்கு ஒதுக்கியிருந்தான். அதற்காக எஸ்.எஸ்.டி-யை 256 ஜி.பி-யாகக் குறைத்தும் விட்டான். நாலு வருஷம் படிக்க வேண்டிய மெஷின்!

“எந்த ப்ராசஸர்?” என்றேன். ரைசன் 5 5600. அது 65 வாட் சிப். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன கூலரும் கூட வரும். அதையே மறந்திருந்தான்.

ப்ராசஸர் இழுக்கும் கரன்ட் முழுக்கக் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தைச் சிப்பிடமிருந்து வாங்கிக் காற்றிடம் கொடுப்பதுதான் கூலரின் வேலை. குழாயில் தண்ணீரே ஓடினாலும், அதைக் குளிர்விப்பது உங்கள் ரூமில் இருக்கும் காற்றுதான். ரூம் 37 டிகிரி என்றால், இந்த ரெண்டு வகை கூலராலுமே சிப்பை அதற்குக் கீழே கொண்டு போக முடியாது.

ரிவ்யூ வீடியோக்களில் நாம் கோட்டை விடுவது இங்கேதான். அவர்கள் 22 டிகிரி ஏ.சி ரூமில் சோதித்து, ‘70 டிகிரிதான்’ என்பார்கள். அதே செட்டப், மதுரை மொட்டை மாடி ரூமில் மே மாதம் ஏறக்குறைய 85 காட்டும். இந்தச் சிப்புக்கு வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் சிப் எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம்தான் ‘புது சிஸ்டம் ஏன் இப்படி இழுக்குது’ என்று தலையைச் சொறிவோம்.

ஏ.சி ரூம், கோடிங், ப்ரௌசிங் என்றால் கூடவே வரும் கூலர் போதும். ஏ.சி இல்லாத ரூமில் கேமும் வீடியோ எடிட்டிங்கும் என்றால், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் வாங்கலாம். 2,000, 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. இன்டெல் ஐ9-13900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் சிப் என்றால் பெரிய லிக்விட் கூலர் நியாயம். 65 வாட்டுக்கு அது ஆடம்பரம். ஒரு விஷயம்: 13900கே, ரைசன் 5 7600எக்ஸ் போன்றவற்றின் பெட்டியில் கூலரே இருக்காது. பில் போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், கூலரைவிட நான் சூடுபட்டது கேபினெட்டில்தான். என் முதல் சிஸ்டத்துக்கு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. ராத்திரி அவசர வீடியோ ரெண்டர் ஆகும்போதெல்லாம் பத்தே நிமிஷத்தில் நொண்டியடிக்கும். ரேம் பத்தவில்லை என்றார்கள், வாங்கினேன். மாறவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சூடு 11 டிகிரி இறங்கியது! கூலர் பாவம், பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்களும் மூடியைத் திறந்து பாருங்கள். சட்டென்று சூடு குறைந்தால் குற்றவாளி கேபினெட். அப்படியே திறந்து போட்டுவிடாதீர்கள், எங்கள் வீட்டில் பல்லி குடியேறிவிட்டது.

அதனால் தம்பிக்கு, முன்பக்கம் வலை வைத்த கேபினெட். முன்னால் ரெண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கேபினெட் விவரத்தில் ‘கூலர் உயரம்’ என்று ஒரு எண் இருக்கும். டவர் கூலர்கள் பல 155 மில்லிமீட்டரைத் தொடும். எண் அதைவிடக் குறைவாக இருந்தால் மூடி மூடாது. எஸ்.எஸ்.டி-யும் 1 டி.பி ஆனது.

அசெம்பிள் அன்று வீடியோ காலில் கூடவே இருந்தேன். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தான். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் உரிக்காமல் மாட்டப் போனான். நான் போட்ட சத்தத்தில் எங்கள் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மதியம் ரெண்டு மணி வெயிலில் கேம் ஓடவிட்டுப் பார்த்தான். 72 டிகிரி. நிம்மதி.

அடுத்த வாரம் பதறிப்போய் போன். “அக்கா, 88 காட்டுது!” கேமராவைத் திருப்பச் சொன்னேன். தூசி படியக் கூடாதென்று, ஓடிக்கொண்டிருந்த கேபினெட்டுக்குச் சித்தி தன் பழைய பட்டுப்புடவையில் கவர் தைத்துப் போட்டிருந்தார். ஜரிகை பார்டர் சரியாக ஃபேன் மேலே!