வரையும் கை வனைந்தும் பழக வேண்டும்

பீங்கான் தொழிற்சாலையில் ஒரு கோப்பை பல கைகளைக் கடந்தே வெளியே வருகிறது. ஒருவர் வடிவத்தை வரைகிறார், ஒருவர் மாதிரி செதுக்குகிறார், ஒருவர் அச்செடுக்கிறார், ஒருவர் கைப்பிடி ஒட்டுகிறார், சூளையைக் கவனிப்பவர் வேறொருவர். இந்த வரிசையின் முதலில் நிற்கும் வடிவமைப்பாளருக்கு மண்ணில் கைவைத்துப் பழகிய அனுபவம் வேண்டுமா என்பது பழைய கேள்வி. கணினித் திரையில் வடிவத்தைச் சுழற்றிப் பார்க்கலாம், முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரியும் எடுத்துவிடலாம் என்றாகிவிட்ட இன்று, வேண்டியதில்லை என்ற பதில் எளிதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பதில் தவறு. மண்ணறிவு வடிவமைப்பாளரின் வேலைக்கே அடித்தளம். ஹங்கேரியில் பிறந்த ஏவா சைசல் இளம்வயதில் தேடிக்கொண்ட பயிற்சியும், அதிலிருந்து விளைந்த பாத்திரங்களும் இதற்குத் தெளிவான சான்று.

1906இல் புடாபெஸ்டில் பிறந்த ஏவா, படிப்பும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துப் பெண். தாய் லாரா பொலானி வரலாற்றறிஞர். தாய்மாமன்களில் ஒருவர் பொருளியல் சிந்தனையாளர் கார்ல் பொலானி. மற்றொருவர் வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி. ஓவியராகும் எண்ணத்தில் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்த ஏவா, அந்தப் படிப்பைப் பாதியில் விட்டு, யாகப் கரபன்சிக் என்ற குயவரிடம் தொழில் பழகப் போனார். புகைபோக்கி துடைப்போர், அடுப்புக் கட்டுவோர், ஓடு வேய்வோர், கிணறு வெட்டுவோர், குயவர் எல்லோரையும் ஒன்றாகக் கொண்ட பழைய கைவினைச் சங்கத்தில் தேர்ச்சி பெற்ற முதல் பெண் அவர்தான். எழுத்தும் விவாதமும் நிறைந்த வீட்டிலிருந்து வந்த பெண், சேறு படிந்த பட்டறையில் கற்றவை அவருடைய பிற்கால வேலை முழுவதையும் தாங்கி நின்றன.

1928இல் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரிலிருந்த மயோலிகா மண்பாண்டத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். அதுவரை தாமே வனைந்தவர், இப்போது பிறர் செய்வதற்காக வரைய வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் இருநூறு பொருள்கள் அளவுக்கு வடிவமைத்தார். தொடக்கத்தில் வந்தவை அளவுகோலும் கவராயமும் தந்த கோடுகள், வட்டங்கள். பிறகு மெல்ல மெல்ல வளைவுகள் வந்தன. அவரது கை தன் பழைய அறிவை வரைபலகைக்குக் கொண்டுவந்தது. இந்த மாற்றத்தைச் சுவை மாற்றம் என்று மட்டும் பார்த்தால் போதாது. பீங்கான் களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அகன்று தட்டையான அடிப்பகுதி சூளையில் தொய்யும். தடித்த சுவரும் மெல்லிய சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விழும். கனமான கைப்பிடி வட்டமான வாயை நீள்வட்டமாக இழுத்துவிடும். உள்வாங்கிய வடிவம் பாரிஸ் சாந்து அச்சிலிருந்து எளிதில் கழன்று வராது. அச்சுத் துண்டுகள் கூடும், தழும்புகள் கூடும், செலவும் கூடும். வரைபடம் இவற்றில் ஒன்றையும் காட்டாது. வனைந்து, வெடிக்கவிட்டு, மறுபடி வனைந்தவருக்கு ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இவை தெரியும்.

இந்த அறிவின் முழு விளைவை அமெரிக்காவில் பார்க்கிறோம். அதற்கு முன் அவர் சோவியத் ஒன்றியத்தில் வேலை செய்து, பீங்கான், கண்ணாடித் தொழிலின் கலைப் பொறுப்புவரை உயர்ந்தார். 1936இல் ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, பதினாறு மாதங்கள் சிறையில் கழித்தார். 1938இல் நியூயார்க் சேர்ந்தார். அங்கே நவீனக் கலை அருங்காட்சியகமும் காசில்டன் நிறுவனமும் சேர்ந்து 1942இல் ஒரு விருந்துப் பாத்திரத் தொகுதியை வடிவமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தன. போரால் தாமதமாகி, 1946இல் அது காட்சிக்கு வந்தது. அலங்காரமே இல்லாத வெள்ளைப் பீங்கான். பூக்கொடியும் பொன்விளிம்பும் சிறு குறைகளை மறைத்துவிடும். வெறும் வெள்ளையில் மறைக்க இடமில்லை. சுவரின் தடிமன், விளிம்பின் மென்மை, மூடி உட்காரும் விதம் அத்தனையும் வடிவத்தின் பலத்திலேயே நிற்க வேண்டும். மண் எங்கே தாங்கும், எங்கே தளரும் என்று தெரியாதவர் இதை முயன்றிருக்கவே முடியாது. 1947இல் ரெட் விங் நிறுவனத்துக்குச் செய்த அன்றாடப் பாத்திரங்களும், 1952இல் ஹால் நிறுவனத்தின் வழியாக வந்து பெரும் எண்ணிக்கையில் விற்ற தொகுதியும், இந்த அறிவு செல்வர் வீட்டு மேசையோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன.

ஒருவரை மட்டும் வைத்து விதி வகுப்பதா என்று கேட்கலாம். மார்கரீட் பிரீட்லேண்டரைப் பாருங்கள். பௌஹவுஸ் கலைப்பள்ளியின் மண்பாண்டப் பட்டறை டோர்ன்பர்கில் இருந்தது. அங்கே பரம்பரைக் குயவர் மாக்ஸ் கிரேஹன் தொழிலையும் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் வடிவத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பட்டறையில் பழகிய பிரீட்லேண்டர், பெர்லின் அரசுப் பீங்கான் தொழிற்சாலைக்காக 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாத்திரங்கள் இயந்திர உற்பத்திக்கென்றே பிறந்த எளிமை கொண்டவை. மைக்கேல் பொலானி பிற்காலத்தில், மனிதர் அறிந்தவற்றில் சொல்லால் விளக்க முடியாத பகுதி ஒன்று உண்டு என்ற கருத்தை விரிவாக வளர்த்தார். அவருடைய மருமகளின் வேலை அந்தக் கருத்துக்குக் கண்முன் நிற்கும் சான்று. இப்படிப்பட்ட அறிவைப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பட்டறையில் உடனிருந்துதான் கற்க வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஃபின்லாந்திலிருந்து வருகிறது. காய் ஃபிராங்க் அறைக்கலன் வடிவமைப்புப் படித்தவர், குயவர் அல்லர். ஆனாலும் அரபியா தொழிற்சாலைக்காக அவர் வடிவமைத்து 1953இல் வெளிவந்த கில்டா, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த அன்றாடப் பாத்திரங்களில் ஒன்று. டீமா என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. வனையாமலே இது சாத்தியமானதே என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஃபிராங்க் 1945 முதல் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தவர். அச்செடுப்பவரோடும் சூளைக்காரரோடும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தபிறகு வந்தது கில்டா. மண்ணறிவை அடைய வனைசக்கரம் ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. அந்த அறிவு இல்லாமல் நல்ல பாண்டம் இல்லை என்கிறேன். ஃபிராங்க் அதை மறுக்கவில்லை. வேறு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

சுருக்கத்தையும் விரிசலையும் கணினியே முன்கூட்டிக் கணித்துவிடும், பிறகு கை எதற்கு என்பது அடுத்த வாதம். கணினி பெரிய உதவி. அதை விலக்கச் சொல்வது மூடத்தனம். ஆனால் நாம் கேட்டதற்குத்தான் அது விடை தரும். நிரம்பிய கூஜாவைத் தூக்கும்போது மணிக்கட்டில் எங்கே பாரம் விழும், கிண்ணத்தின் விளிம்பு உதட்டில் எப்படிப் படும், கழுவும்போது விரல் எட்டாத மூலை எது என்ற கேள்விகள் திரையில் எழுவதில்லை. புழங்குபவர் அந்தப் பொருளை அறிவது கையாலும் வாயாலும்தான். செய்பவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சைசல் முதுமையில் பார்வை மங்கியபிறகும், உதவியாளர்களோடு, தொட்டுப் பார்த்தே வடிவங்களைத் திருத்தி வேலை செய்தார். 2011இல் 105 வயதில் மறைந்தார்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு ஐயம் எழும், எழத்தான் வேண்டும். கைத்தொழிலைப் போற்றும் பேச்சு இங்கே குலத்தொழிலைக் காக்கும் பேச்சாக இருந்திருக்கிறது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது. சைசலின் கதையும் அதற்கு எதிரானதன்று. அவர் பிறப்பால் குயவர் அல்லர். விரும்பிப் பட்டறைக்குள் போனவர், விரும்பியபோது வெளியேறித் தொழிற்சாலைகளை அடைந்தவர். அநீதி மண்ணில் இல்லை. ஒரு கூட்டம் மண்ணைத் தொட்டே ஆகவேண்டும், மற்றொரு கூட்டம் தொடவே கூடாது என்று பிறப்பை வைத்துப் பிரித்ததில்தான் இருக்கிறது. மூளையையும் கையையும் இப்படிப் பிரித்து வைத்ததால் நம் குயவருக்கு வடிவமைப்பாளர் என்ற பெயரும் கிடைக்கவில்லை, அதற்குரிய ஊதியமும் கிடைக்கவில்லை; நம் வடிவமைப்பாளருக்கோ மண் கைவசமாகவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. பீங்கானையும் மண்பாண்டத்தையும் கற்பிக்கும் கல்லூரிகள் முதல் ஆண்டை வனைதலுக்கும் சூளைக்கும் ஒதுக்க வேண்டும். வரைபலகையும் கணினியும் அதன்பிறகு வரட்டும். தேர்ந்த குயவர்களை ஒருநாள் விருந்தினராக அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பாமல், ஆசிரியர்களாக நியமித்து ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும். பட்டறையில் வளர்ந்த பிள்ளை வடிவமைப்புப் படிக்க விரும்பினால், அவர் கையிலிருக்கும் அனுபவத்தைத் தகுதியாக எண்ணிச் சேர்க்க வேண்டும். வேறு படிப்பை விரும்பினால் அந்த வழியும் திறந்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் இளம் வடிவமைப்பாளரை அலுவலக அறையில் வைக்காமல், அச்சுக்கூடத்திலும் சூளையடியிலும் சில மாதமாவது வேலை செய்ய வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கையால் அறிவதும் அறிவுதான் என்று கல்வியை நடத்துவோர் மனமார ஏற்றுக்கொண்டால் போதும்.